சிரிப்பு வந்தால் சைபர்பங்க் கெட்டுப்போகுமா?

கோணேசபுரி வளாகத்தில் படிக்கிற ஒரு தங்கச்சி கேட்ட கேள்வி இது. திருகோணமலையை வைத்து, சைபர்பங்க் என்கிற அறிவியல் புனைகதை வகையில் ஒரு சிறுகதை எழுதியிருக்கிறார். அதில் ரொட்டிக் கடை வைத்திருக்கும் ஒரு அக்கா வருகிறார். அவருடைய வலது கை இயந்திரக் கை, லீசிங்கில் எடுத்தது. தவணை பிந்திப்போனதால் மாவு குழைத்துக்கொண்டிருக்கும்போதே கை இறுகிப் பூட்டிக்கொள்கிறது, மிகவும் மரியாதையான குரலில் மன்னிப்புக் கேட்டுவிட்டு நிலுவைத் தொகையைச் சொல்கிறது. நண்பர்களுக்கு வாசித்துக் காட்டியபோது எல்லோரும் சிரித்துவிட்டார்களாம். சைபர்பங்க் என்றால் இருட்டு, மழை, சோகம்தானே, சிரிப்பு வந்தால் அது வேறு வகைக் கதையாகிவிடாதா, அப்படியென்றால் இந்த வகையை எதை வைத்து அடையாளம் காண்பது என்று கேட்டிருக்கிறார்.

அந்தக் காட்சியை மட்டும் வெட்டிவிடாதீர்கள் தங்கச்சி. நீங்கள் சொன்ன கதைச் சுருக்கத்தில் அசல் சைபர்பங்க் அதுதான். இன்னர் ஹார்பர் வீதி முழுக்க நியான் எழுத்து மின்னுவதும், வருஷம் பூராவும் மழை பெய்வதும், கடைப் பலகைகளில் யப்பான் எழுத்து இருப்பதும் மேல்பூச்சு. அவற்றைக் கழற்றிவிட்டாலும் கதை நிற்கும். கை பூட்டிக்கொள்ளும் இடத்தைக் கழற்றினால் ஒன்றும் மிஞ்சாது.

இந்த மேல்பூச்சு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் விஷயம் கொஞ்சம் தெளியும். சைபர்பங்க் என்ற பெயர் 1983இல் புரூஸ் பெத்கே எழுதிய ஒரு சிறுகதையின் தலைப்பாக அச்சில் வந்தது, அடுத்த வருஷம் கார்ட்னர் டொசுவா என்ற பதிப்பாசிரியர் அதை ஒரு எழுத்தாளர் கூட்டத்துக்கே பெயராக்கினார். அதே 1984இல்தான் வில்லியம் கிப்சனின் நியூரோமான்சர் வந்தது. அதன் தொடக்கம் யப்பானில் சீபா என்ற துறைமுக நகரத்தில், வானம் ஒளிபரப்பு இல்லாத தொலைக்காட்சித் திரையின் நிறத்தில் இருக்கிறது. அதற்கு இரண்டு வருஷம் முன்பே பிளேட் ரன்னர் படம் மழையையும் நியானையும் காட்டிவிட்டது. எண்பதுகளில் அமெரிக்கர்களுக்கு யப்பான் கொம்பனிகள் எல்லாவற்றையும் வாங்கிவிடும் என்ற பயம் இருந்தது, அதனால் அவர்களுடைய எதிர்காலத்தில் யப்பான் எழுத்து மின்னியது. அது அவர்களுடைய பயம். நமக்கு நம்முடைய பயங்கள் வேறு, லீசிங் உட்பட.

சரி, மேல்பூச்சை எடுத்துவிட்டால் உள்ளே என்ன இருக்கிறது? உயர்ந்த தொழில்நுட்பம், தாழ்ந்த வாழ்க்கை என்று நான்கு சொல்லில் சொல்லிவிடுவார்கள். சரியானதுதான், ஆனால் அது போதாது. 1986இல் மிரர்ஷேட்ஸ் என்ற சைபர்பங்க் சிறுகதைத் தொகுப்புக்கு புரூஸ் ஸ்டேர்லிங் எழுதிய முன்னுரையில் இன்னும் கூர்மையான ஒரு விஷயம் இருக்கிறது. பழைய அறிவியல் புனைகதையில் தொழில்நுட்பம் தூரத்தில் பெரிய அணைக்கட்டு மாதிரி, ரொக்கட் மாதிரி நிற்கும். சைபர்பங்க் எழுத்தாளர்களுக்கு அது பக்கத்தில், தோலுக்கு அடியில், பல நேரம் மூளைக்குள்ளேயே. அதோடு நான் சேர்த்துச் சொல்லுவது இது: தோலுக்கு அடியில் இருக்கிற அந்தப் பொருளின் சொந்தக்காரர் நீங்கள் இல்லை, இன்னொருவர். அந்த இன்னொருவர் பெரும்பாலும் ஒரு கொம்பனி, முகம் தெரியாத, ஆனால் எப்போதும் மரியாதையாகப் பேசுகிற ஒன்று. இதற்கு நடுவில் அகப்பட்ட ஆள் உலகத்தைக் காப்பாற்றப் போவதில்லை, இன்றைய நாளைக் கடத்தப் பார்க்கிறார். நியூரோமான்சரின் கதாநாயகன் கேஸ் அவ்வளவு பெரிய விவகாரம் எல்லாம் முடிந்த பிறகு என்ன செய்கிறான் தெரியுமா? கிடைத்த காசில் பெரும்பகுதிக்குப் புதுக் கணையமும் ஈரலும் வாங்குகிறான், மிச்சத்துக்கு ஒரு புதுக் கருவியும் ஊர் திரும்ப டிக்கெட்டும். பிறகு வேலை தேடிக்கொள்கிறான். அவ்வளவுதான்.

இங்கே திருகோணமலைக்காரர் என்ற முறையில் நாம் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கைச் சொல்லாமல் போக முடியாது. 1956இல் மைக் வில்சனோடு சேர்ந்து சுவாமி மலைக்குக் கீழே கடலில் மூழ்கி, பழைய கோணேசர் கோவிலின் இடிபாடுகளைப் பார்த்தவர். அதற்கு 11 வருஷம் முன்பே, பூமியோடு கூடவே சுற்றுகிற செயற்கைக்கோள்கள் வழியாக உலகம் முழுக்கத் தகவல் அனுப்பலாம் என்று கட்டுரை எழுதியவர். அவருடைய எதிர்காலம் சுத்தமானது, அமைதியானது, அதில் வருகிறவர்கள் படித்த, நிதானமான பொறியியலாளர்கள். நான் அவரை மிகவும் மதிக்கிறேன். ஆனால் சைபர்பங்க் கேட்கிற கேள்வி வேறு: செயற்கைக்கோள் மேலே போய்விட்டது, நல்லது, கீழே மூதூரில் தகரக் கூரைக்கு மேல் டிஷ் வைத்த ஆள் மாதக் கட்டணத்தை எப்படிக் கட்டுகிறார்? அந்த இடத்தில்தான் கதையும் பகிடியும் சேர்ந்தே பிறக்கின்றன. (கிளார்க்கின் பெயரிலான விருது 1992இல் பாட் கடிகனின் சைனர்ஸ் என்ற சைபர்பங்க் நாவலுக்குப் போனது. மிரர்ஷேட்ஸ் தொகுப்பில் இருந்த ஒரே பெண் அவர்தான், இன்னும் அதிகம் பேர் வாசிக்கவேண்டிய ஆள்.)

இனிச் சிரிப்புக்கு வருகிறேன். இதற்கு மூலக் காட்சி என்று நான் நினைப்பது சைபர்பங்க் என்ற பெயரே இல்லாத காலத்தில், 1969இல், பிலிப் கே. டிக் எழுதிய உபிக் நாவலில் இருக்கிறது. ஜோ சிப் என்று ஒருவன், எப்போதும் கையில் காசில்லாதவன். தன் வீட்டுக் கதவைத் திறக்கப் போகிறான். கதவு பேசுகிறது, ஐந்து சதம் போடச் சொல்கிறது. காசில்லை, நாளைக்குத் தருகிறேன் என்கிறான். கதவு மறுக்கிறது. உனக்குத் தருவது அன்பளிப்புத்தான், கட்டாயம் இல்லை என்று வாதாடுகிறான். கதவு, வீடு வாங்கும்போது கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை எடுத்துப் பார்க்கச் சொல்கிறது. எடுத்துப் பார்த்தால் கதவு சொன்னது சரி, திறக்கவும் மூடவும் காசு கட்டாயம். அவன் ஒரு கத்தியை எடுத்துக் கதவின் ஆணிகளைக் கழற்றத் தொடங்குகிறான். வழக்குப் போடுவேன் என்கிறது கதவு. இதுவரை எந்தக் கதவும் என் மேல் வழக்குப் போட்டதில்லை, சமாளித்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன் என்கிறான் அவன்.

இது 55 வருஷத்துக்கு மேல் பழைய காட்சி, இன்றைக்கும் வாசித்தால் சிரிப்பு வருகிறது. ஏன் என்று நன்றாகக் கவனித்துப் பாருங்கள். ஜோ சிரிக்கவில்லை, கதவும் பகிடி விடவில்லை, இருவருமே முழு மூச்சாகச் சண்டை பிடிக்கிறார்கள். கதவு சொல்வதில் ஒரு சொல் கூடச் சட்டப்படி பிழையில்லை. ஆனால் ஒரு மனிதன் தன் சொந்த வீட்டை விட்டு வெளியே போக முடியாமல் நிற்கிறான். இதையே டக்ளஸ் அடம்ஸின் விண்வெளி நகைச்சுவையோடு வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். அங்கேயும் பேசும் கதவுகள் உண்டு, ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் மகிழ்ச்சியில் பெருமூச்சு விடுகிற கதவுகள். அதுவும் நல்ல பகிடிதான், எனக்குப் பிடிக்கும், ஆனால் அந்தக் கதவால் எரிச்சல் வருமே தவிர யாருக்கும் எதுவும் பறிபோவதில்லை. டிக்கின் கதவு பறிக்கிறது. நீங்கள் எழுதிய கையும் பறிக்கிறது. ஒரு பகிடி சைபர்பங்க் பகிடியா இல்லையா என்று பார்க்க நான் வைத்திருக்கிற அளவுகோல் இதுதான்: அந்தப் பகிடியில் யாராவது ஒருவருக்கு உண்மையிலேயே எதுவோ கைவிட்டுப் போகவேண்டும், அதைப் பறிக்கிற விதி தன்னளவில் முழுக்க நியாயமாகப் பேசவேண்டும்.

அதே உபிக்கில் இன்னொரு வேலையும் நடக்கிறது. ஒவ்வொரு அத்தியாயத்தின் தலையிலும் உபிக் என்ற பொருளுக்கு ஒரு விளம்பரம். ஒரு தடவை அது பியர், இன்னொரு தடவை கோப்பி, இன்னொரு தடவை சவர அலகு, சொன்னபடி பாவித்தால் ஆபத்தில்லை என்று எச்சரிக்கை வேறு. வாசிக்க வாசிக்கச் சிரித்துக்கொண்டே பழகிவிடுவீர்கள். கடைசி அத்தியாயத்தில் அந்தக் குரல் திடீரென்று விளம்பரக் குரலை விட்டுவிட்டு, பிரபஞ்சத்துக்கு முன்பே நான் இருந்தேன் என்று கடவுள் மாதிரிப் பேசத் தொடங்குகிறது. அவ்வளவு நேரம் சிரித்ததால்தான் அந்த இடத்தில் முதுகு சில்லிடுகிறது.

அப்புறம் நியூரோமான்சர். அதில் நகைச்சுவையே இல்லை என்று நிறையப் பேர் சொல்வார்கள், நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். அதில் பகிடி விடுகிற ஆள் ஒருவர் இருக்கிறார், ஆனால் அவர் செத்துப்போனவர். டிக்ஸி என்ற பழைய ஹேக்கரின் மூளையை, அவர் இறந்த பிறகு ஒரு பதிவாக வைத்திருக்கிறார்கள். கேஸ் அதை இயக்கிப் பேசுகிறான். செத்துப்போனது உனக்குத் தொந்தரவாக இல்லையா என்று கேட்கிறான். எதுவுமே தொந்தரவாக இல்லை என்பதுதான் தொந்தரவு என்கிறது அந்தப் பதிவு. பிறகு ஒரு கதை சொல்கிறது: சைபீரியாவில் கூட இருந்த ஒருவனுக்குப் பனியில் பெருவிரல் கருகிவிட்டது, வைத்தியர்கள் வெட்டிவிட்டார்கள். ஒரு மாதம் கழித்து அவன் இரவு முழுக்கப் புரண்டு புரண்டு படுக்கிறான். என்னடா என்றால் பெருவிரல் கடிக்கிறது என்கிறான். சொறிந்துகொள் என்கிறார் இவர். அதற்கு அவன், கடிக்கிறது மற்றப் பெருவிரல் என்கிறான். சொல்லி முடித்துவிட்டுப் பதிவு சிரிக்கிறது, அந்தச் சிரிப்பு கேஸுக்குச் சிரிப்பாகக் கேட்கவில்லை, முதுகுத்தண்டில் குளிராக இறங்குகிறது. அடுத்ததாக அது கேட்கும் ஒரே உதவி, வேலை முடிந்ததும் என்னை அழித்துவிடு என்பது.

இல்லாத விரல் கடிக்கிற கதையை, உடம்பே இல்லாத ஒருவர் சொல்கிறார். மனித மூளையைப் பிரதியெடுத்தால் அது மனிதனா என்ற கேள்விக்கு ஆயிரம் பக்கத் தத்துவம் எழுதலாம், கிப்சன் ஒரு பகிடியில் முடித்துவிட்டார். இதனால்தான் நான் சொல்வது, இந்த வகைக் கதையில் சிரிப்பு என்பது சோகத்துக்கு நடுவே இளைப்பாற வைக்கிற இடம் அல்ல. தொழில்நுட்பமும் வாழ்க்கையும் உரசுகிற இடத்தை மற்ற எதையும் விடத் துல்லியமாகக் காட்டுவது அதுதான்.

ரூடி ரக்கரின் குணம் வேறு, அவர் கட்டுக்கடங்காத ஆள். 1982இல் வந்த சொப்ட்வெயார் நாவலில் ஒரு கிழவருக்கு ரொபோக்கள் சாகாவரம் தருவதாகச் சொல்கின்றன. மூளையில் உள்ளதை எல்லாம் எடுத்து ஒரு கணினியில் போடுவார்கள். அந்தக் கணினி கடுங்குளிரில்தான் ஓடும். அதனால் அதை எங்கே வைத்திருக்கிறார்கள் என்றால் ஒரு ஐஸ்கிறீம் வானுக்குள். நித்திய வாழ்வு ஐஸ்கிறீம் வானில் தெருத்தெருவாகப் போகிறது! நம் ஊர் வெயிலில் அந்த வானின் குளிரூட்டி பழுதானால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள், தனிக் கதையே வரும்.

ரொபோகொப் படத்தையும் (1987) இதில் சேர்க்கவேண்டும். கொம்பனிக் கூட்டத்தில் புதுக் காவல் இயந்திரத்தைக் காட்டுகிறார்கள். ஒரு இளம் அலுவலரிடம் துவக்கைக் கொடுத்து நீட்டச் சொல்கிறார்கள், கீழே போடு என்கிறது இயந்திரம், அவர் போட்டுவிடுகிறார், ஆனால் போட்டது இயந்திரத்துக்கு விளங்கவில்லை. எண்ணி முடித்துச் சுட்டுத் தள்ளிவிடுகிறது. அதற்குப் பிறகு தலைவர் சொல்வது தனக்கு மிகவும் ஏமாற்றமாக இருக்கிறது என்பது, பொறுப்பானவர் சொல்வது இது சின்னக் கோளாறு என்பது. இரத்தம் இன்னும் மேசையில் இருக்கிறது. பார்க்கிறவர் சிரித்துவிட்டு உடனே தன் சிரிப்பைக் கண்டு வெட்கப்படுவார், அந்த வெட்கத்தைத்தான் படம் கேட்கிறது.

ஸ்னோ கிராஷ் (1992, நீல் ஸ்டீபன்சன்) பற்றி எனக்கு இரண்டு மனம். தொடக்கம் அபாரம். அமெரிக்க அரசாங்கம் சுருங்கிப்போய், நாடே கொம்பனிக் கிளைகளாகப் பிரிந்து கிடக்கிறது. மாபியா பீட்சா விற்கிறது, முப்பது நிமிஷத்தில் வந்து சேராவிட்டால் மாபியாத் தலைவரே நேரில் வந்து மன்னிப்புக் கேட்பார், கொண்டுவந்தவன் கதி அதோகதி. கதாநாயகன் மெய்நிகர் உலகத்தில் பெரிய வாள்வீரன், நிஜத்தில் பொருட்கள் போட்டுவைக்கிற வாடகை அறையில் குடியிருக்கிறான். அதில் எனக்கு மிகப் பிடித்தது பீட்சா இல்லை, எஞ்சியிருக்கிற அரசாங்க அலுவலகத்தில் கழிவறைக் காகிதம் பாவிப்பது பற்றிச் சுற்றி வருகிற ஒரு நீண்ட சுற்றறிக்கை. அதை வாசிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று தசம கணக்கில் குறிப்பிட்டிருக்கும், வேகமாக வாசித்தாலும் சந்தேகம், மெதுவாக வாசித்தாலும் சந்தேகம். கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) ஒரு கடிதத்துக்காக ஜன்னல் ஜன்னலாக அலைந்த எவருக்கும் அது வேறு நாட்டுக் கதையாகத் தெரியாது. ஆனால் கதாநாயகனுக்குக் கதாநாயகன் என்றே பெயர் வைத்திருப்பது மாதிரியான இடங்கள் எனக்கு அலுக்கின்றன. அங்கே எழுத்தாளர் இந்த வகையையே பார்த்துச் சிரிக்கிறார், உலகத்தைப் பார்த்து இல்லை. அப்படிச் சிரிக்கத் தொடங்கினால் பாத்திரங்கள் கடதாசியாகிவிடும்.

யப்பான் பக்கம் கோஸ்ட் இன் த ஷெல்லை 1995 படம் வழியாக மட்டும் தெரிந்தவர்கள் அதை ஒரே கனத்த கதை என்று நினைப்பார்கள். மசாமுனே ஷிரோவின் மூலச் சித்திரக் கதை விளையாட்டும் குறும்பும் நிறைந்தது. 2002 தொடரில் வருகிற தச்சிகோமா என்ற சிலந்தி மாதிரிப் போர் இயந்திரங்கள் சின்னப் பிள்ளைகள் போலக் கத்திக் கத்தி, உயிர் என்றால் என்ன, நாங்கள் சாவோமா என்று தங்களுக்குள் விவாதிக்கும். அவற்றை விரும்புகிற ஒரு ஆள் தன்னுடைய இயந்திரத்துக்கு மட்டும் இயற்கை எண்ணெய் வாங்கிப் போடுவார். அங்கே பறிப்பு இல்லை, பாசம் இருக்கிறது, பயமும் கூடவே இருக்கிறது. சைபர்பங்க் 2077 விளையாட்டில் வருகிற, தெருவில் தனியாக இருப்பவர்களோடு அன்பாகப் பேசுகிற விற்பனை இயந்திரமும் இந்தச் சாதிதான், கடைசியில் அதைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். தமிழில் இதற்கு நெருங்கி வந்தது சுஜாதாவின் ஜீனோ. அது வருகிற என் இனிய இயந்திரா நாவல் முழு சைபர்பங்க் இல்லை, அங்கே அதிகாரம் கொம்பனியிடம் இல்லை, ஆட்சியிடம் இருக்கிறது. ஆனால் ஒரு இயந்திர நாய் மனிதர்களை விடப் புத்தியோடும் குறும்போடும் பேசுவதும், அதன் பேச்சில்தான் அந்த ஆட்சியின் பொய் வெளிப்படுவதும், தமிழ் வாசகருக்கு இந்த ருசியை முதலில் காட்டியது.

இனி உங்கள் கதைக்கு. ஊரைத் தேடி வெளியே போகவேண்டாம். 2022 ஜூலையை நினைத்துப் பாருங்கள். பெற்றோலுக்குக் கியூஆர் குறியீடு வந்தது, மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நான்கு லீட்டர். போனில் குறியீடு இருக்கிறது, கறண்ட் போய் போனில் சார்ஜ் இல்லை. உடனே சனம் என்ன செய்தது, குறியீட்டைக் கடதாசியில் அச்சடித்து, லமினேட் பண்ணி, பேர்சில் வைத்துக்கொண்டது. தொழில்நுட்பத்துக்குத் தெரு தன் சொந்தப் பயனைக் கண்டுபிடித்துக்கொள்ளும் என்று கிப்சன் 1982இலேயே ஒரு கதையில் எழுதியதை நாம் பெற்றோல் செட் வரிசையில் நின்று செய்து காட்டினோம். அதே நேரம் சீனக்குடாவில் பிரித்தானியர் கட்டிவிட்டுப் போன 99 எண்ணெய்க் குதங்கள் இருந்தன, பெரும்பாலானவை காட்டுக்குள் வெறுமையாக. அந்த வருஷம் ஜனவரியில்தான் அவற்றை யார் யார் பகிர்ந்துகொள்வது என்று இலங்கைத் தரப்புக்கும் இந்தியத் தரப்புக்கும் இடையில் ஒப்பந்தம் கையெழுத்தானது. குதங்களுக்குப் பக்கத்து ஊரில் கான் எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்கிற ஆள், கையில் டிஜிட்டல் குறியீடு. இதற்கு மேல் நியான் எதற்கு? லீசிங்காரர் வந்து ஆட்டோவைத் தூக்கிக்கொண்டு போவதும், கிழமைக் கடன்காரருக்குப் பயந்து பெண்கள் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருப்பதும் கிழக்கில் எல்லோருக்கும் தெரியும். நீங்கள் செய்தது அந்த ஆட்டோவை ஒரு கையாக மாற்றியது, அவ்வளவுதான், அதனால்தான் நண்பர்கள் உடனே சிரித்தார்கள்.

அந்தக் காட்சியைத் திருத்தும்போது சில விஷயங்கள் பார்க்கலாம். அக்கா பகிடி விடக்கூடாது, அவருக்குக் காலை ரொட்டி ஓடர் முக்கியம், கோபம் வரட்டும், அவசரம் வரட்டும். கை மரியாதையை ஒரு கணமும் கைவிடக்கூடாது. தமிழுக்கு இரண்டை அழுத்தவும் என்று சொல்லிவிட்டு, இரண்டை அழுத்த வேண்டிய கையே பூட்டிக் கிடந்தால் இன்னும் நல்லது. ஒப்பந்தத்தில் ஒரு வரியாவது அப்படியே காட்டுங்கள், உபிக் கதவு செய்த மாதிரி. பக்கத்துக் கடைக்காரர் வந்து அக்காவைக் கேலி செய்கிற வரி இருப்பதாகச் சொன்னீர்கள், அதை எடுத்துவிடலாம், சிரிப்பு விதியின் மேல் விழவேண்டும், கடன்பட்ட பெண்ணின் மேல் விழக்கூடாது. பிறகு, பூட்டிய கையோடு அக்கா என்ன செய்கிறார் என்பதை எழுதுங்கள், இப்போது அது இல்லை. இறுகிய விரல்களில் வாளியைத் தொங்கவிடலாம், தாச்சியைப் பிடிக்கவைக்கலாம், உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தோன்றும். அங்கேதான் அவர் பாதிக்கப்பட்டவர் என்ற நிலையை விட்டு ஒரு சைபர்பங்க் பாத்திரமாக எழும்புவார்.

வாசிக்க வேண்டுமென்றால் உபிக்கில் தொடங்குங்கள், கதவு ஆரம்பப் பக்கங்களிலேயே வந்துவிடும். அதன்பிறகு நியூரோமான்சர், முதல் ஐம்பது பக்கம் விளங்காவிட்டாலும் விடாதீர்கள், டிக்ஸி வருகிறவரை போங்கள். ஸ்னோ கிராஷில் சுமேரிய வரலாறு பற்றிய நீண்ட விளக்கங்கள் வரும்போது பக்கம் தள்ளினால் குற்றமில்லை. ரக்கரைக் கடைசியில் வாசிக்கலாம், மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று தெரிந்த பிறகுதான் அவர் எதையெல்லாம் உடைத்தார் என்பது தெரியும்.